மாணவர்களை மலைக்கு அனுப்பும் முன்

கூடலூர்

அன்பு மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. இங்கே நீலகிரியில் மழை ஓய்ந்துவிட்டது. தேவாலா பக்கம் ரோடு மட்டும் இன்னும் குண்டும் குழியுமாகக் கிடக்கிறது.

உங்கள் கல்லூரி சட்ட உதவி மையத்துப் பிள்ளைகளை இங்கே அனுப்பலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக அனுப்பு. ஆனால் பேனர் கட்டி, நோட்டீஸ் கொடுத்து, மதியச் சாப்பாட்டோடு முடிகிற ஒருநாள் முகாமுக்கு வேண்டாம். கொடுத்த மனு எந்த மேசையில் நிற்கிறது என்று போய்க் கேட்க ஆள் இல்லாததுதான் இங்குள்ள பெரிய குறை. அந்த வேலைக்கு வருகிறவர்கள் வரட்டும்.

முதலில் வன உரிமைச் சட்டத்தில் இறக்கு. பணியர், காட்டுநாயக்கர், குறும்பர், இருளர் ஆகிய பழங்குடிக் குடும்பங்கள் 13.12.2005-க்கு முன்பிருந்து அனுபவித்து வரும் வன நிலத்துக்கு, 4 ஹெக்டேர் வரை உரிமை கேட்கலாம். ஊரின் வன உரிமைக் குழு இடத்தைப் பார்க்கும், கிராம சபை தீர்மானம் போடும், பிறகு கோட்ட அளவிலான குழு, கடைசியில் மாவட்டக் குழு. மாணவர்களால் உண்மையிலேயே பயன் கிடைப்பது சான்று திரட்டும் கட்டத்தில்தான்.

ஒரு சான்றை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், ஒன்றுக்கு மேற்பட்ட சான்றுகளைப் பார்க்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டத்தின் விதி 13. காகிதம் எதுவும் இல்லாத குடும்பத்துக்குக் கைகொடுப்பது ஊர்ப் பெரியவரின் வாக்குமூலம். கோப்பு கெடுவதும் அதில்தான். பெரியவர் மனுதாரராக இருக்கக்கூடாது. மனுதாரரிடமே எழுதி வாங்கி வந்தால் செல்லாது. இன்னொன்று, பிள்ளைகள் சட்டத் தமிழில் எழுதிவிடுகிறார்கள். 'மேற்படி நிலத்தை நெடுங்காலமாகத் தடையின்றி அனுபவித்து வருகிறார்' என்று பத்துக் குடும்பத்துக்கும் ஒரே வாசகம் போனால் எந்த அதிகாரி நம்புவார்? 'டேன்டீ தோட்டம் போட வந்தப்போ அந்தப் பலா இடுப்பு உசரம், இவன் அப்பனைப் புதைச்சது ஓடைக்கு மேக்கால' என்று பெரியவர் சொன்னால் அதை அப்படியே எழுத வேண்டும். டேன்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டம் 1968-இல் தொடங்கியது என்பதை ஓரத்தில் தனியாகக் குறித்துக்கொள்ளலாம், அவர் வாயில் திணிக்கக்கூடாது. எழுதி முடித்ததும் அவரோடு ஓடைக்கு மேற்கே நடந்து போய், அந்தப் புதைகுழியையும் பலாவையும் இருப்பிடக் குறிப்போடு போனில் படம் எடுக்கட்டும். பழைய இடுகாடு, சாமி இடம், கிணறு எல்லாம் அதே விதியில் தனிச் சான்று. ஒரே பேச்சிலிருந்து இரண்டு சான்று கிடைத்துவிடும். கைநாட்டு வைக்கும் முன் பணியர் மொழியில் படித்துச் சொல்ல அந்த ஊர்ப் பையனோ பெண்ணோ ஒருவர் கூட இருக்க வேண்டும். இதை விட்டுவிடாதே.

அடுத்தது கிராம சபை. உறுப்பினர்களில் பாதிப் பேர் வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். உரிமை மனுவைத் தீர்மானிக்கும் கூட்டம் என்றால் மனுதாரர்களிலும் பாதிப் பேர், அல்லது அவர்கள் சார்பில் ஆட்கள், இருக்க வேண்டும். வேலை நாளில் கூட்டினால் பெண்கள் எல்லாம் கொழுந்து பறிக்கப் போயிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை வைக்கச் சொல். தீர்மானம் எழுதும் முன் ஒரு மாணவி வருகைப் பதிவேட்டில் கையெழுத்துகளை எண்ணிப் பார்க்கட்டும்; எண்ணிக்கை குறைந்தால் கோப்பு மாதக்கணக்கில் திரும்பி நிற்கும்.

மனுவை நிராகரித்தால் காரணத்தோடு மனுதாரருக்கு நேரில் தெரிவிக்க வேண்டும். அதிலிருந்து 60 நாளுக்குள் மேல் குழுவுக்கு முறையிடலாம். நடைமுறையில் 'உன்னுது தள்ளிட்டாங்க' என்று யாரோ வாயால் சொல்வதோடு முடிகிறது. அந்த இடத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு ஒரு தகவல் உரிமை (ஆர்.டி.ஐ.) மனு போட்டு உத்தரவின் நகலைக் கேட்க வேண்டும். பதிலுக்கு 30 நாள் கெடு. இங்கேதான் உன் பிள்ளைகளுக்குச் சிக்கல். பார் கவுன்சில் விதிப்படி ஒரு வருடத்தில் தொடர்ந்து 4 வாரத்துக்கு மேல் இன்டர்ன்ஷிப் கூடாது. நகல் வந்து சேரும்போது கேட்டவர் ஊருக்குப் போயிருப்பார். அதனால் இரண்டு பேட்ச்சாக அனுப்பு, நடுவில் ஒரு வாரமாவது இரண்டு பேட்ச்சும் சேர்ந்து இருக்கட்டும். ஒவ்வொரு கோப்பின் மேலும் ஒரு தாள்: கடைசியாகக் கொடுத்தது என்ன, ஒப்புகைச் சீட்டு எண், அடுத்த கெடு தேதி. ஐந்தாண்டுப் படிப்புக்கு மொத்தம் 20 வாரம் வேண்டுமே, அதே மாணவர் அடுத்த வருடமும் இதே ஊருக்கு வந்தால் எனக்கு இரட்டைச் சந்தோஷம்.

இல்லை என்று சொல்லவும் பழக்கு. பழங்குடி அல்லாதவர் இதே சட்டத்தில் கேட்டால் 2005-க்கு முன் 75 வருடம், அதாவது 1930 வாக்கிலிருந்தே அங்கு இருந்ததைக் காட்ட வேண்டும். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களுக்கு அது நடக்காத காரியம். ஆசை காட்டி மனு எழுதிக் கொடுப்பது பாவம். அவர்கள் பிரச்சினை ஜென்மி நிலவுடைமையை ஒழித்த 1969-இன் ஜென்மம் ஒழிப்புச் சட்டம், ஜென்மிகள் தோட்டத்துக்குக் குத்தகை விட்டிருந்த 17-ஆம் பிரிவு நிலங்கள் என்று வேறு பக்கம் போகிறது. உச்ச நீதிமன்றத்தின் கோதவர்மன் வழக்கு கூடலூர்க் காட்டில் மரம் வெட்டியதை எதிர்த்து 1995-இல் கிளம்பியதுதான்; பொதுநல வழக்கு படிக்கும் பிள்ளைகள் அதன் 12.12.1996 உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு இந்த ஊர்களில் நடந்து பார்க்கட்டும். காட்டைக் காத்த உத்தரவு காட்டோரத்து மனிதரை எங்கே தொடுகிறது என்று அப்போது விளங்கும்.

வக்காலத்துப் போடவோ கோர்ட்டில் வாதாடவோ மாணவர்களால் முடியாது. வழக்கு வரை போனால் ஊட்டியிலுள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கேட்டு மனு எழுதிக் கொடுக்கலாம். பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் வருமான வரம்பு கிடையாது. வருமானச் சான்றிதழ் கொண்டு வா என்று திருப்பி அனுப்பினால் அந்தப் பிரிவைக் காட்டச் சொல். சட்ட உதவி எண் 15100-க்கும் கூப்பிடலாம். வக்கீலாகப் பதிவு செய்யும் வரை மாணவர்களே அங்கே சட்டத் தன்னார்வலராகச் சேர முடியும்.

ஆட்கள் தேர்வு செய்யும்போது மலையாளம் கொஞ்சம் புரிகிறவர்களுக்கு முன்னுரிமை கொடு. சாயங்காலம் ஆறுக்கு மேல் காட்டு வழியில் நடக்கக் கூடாது, யானை இருக்கிறது. இதை எழுதி வாங்கிக்கொள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வேண்டாம், மழையில் பாதி ஊருக்குப் போக முடியாது. ஜனவரி என்றால் எத்தனை பேர், எந்த வாரம் என்று சீக்கிரம் எழுது, தங்க இடம் பார்த்து வைக்கிறேன். அம்மாவுக்கு என் வணக்கம் சொல்.

அன்புடன்,
சரஸ்வதி