ஆள் கொஞ்சம், குரல் பெரிது

ஆசிரியருக்கு,

அமெரிக்க அரசியல் பற்றிய உங்கள் கட்டுரை லிபர்டேரியன்களை, அதாவது அரசின் தலையீடு முடிந்தவரை குறைய வேண்டும் என்பவர்களை, வெறும் சத்தக்காரர்கள் என்று ஒதுக்கிவிட்டது. சத்தம் உண்மைதான். 2007 டிசம்பர் 16 அன்று குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராக முயன்ற லிபர்டேரியன் ரான் பாலின் ஆதரவாளர்கள் இணையத்தில் ஒரே நாளில் சுமார் 60 லட்சம் டாலர் திரட்டினார்கள். அவர் பெயர் எழுதிய ஆகாயக் கப்பலைக்கூடப் பறக்கவிட்டார்கள். ஆனால் 2008 உட்கட்சித் தேர்தலில் அவர் ஒரு மாநிலத்திலும் முதலிடம் வரவில்லை. 2016 அதிபர் தேர்தலில் லிபர்டேரியன் கட்சி வேட்பாளர் கேரி ஜான்சன் வாங்கிய ஓட்டும் 3 சதவீதத்துக்குச் சற்று மேல்தான்.

பெரிய கட்சிக்காரர் ஓட்டுப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஆள் குறைந்த லிபர்டேரியன்கள் பேசிப் பேசித்தான் ஆள் சேர்க்க வேண்டும். அப்புறம், வரி, கஞ்சா, ஈராக் போர் என எதைக் கேட்டாலும் ‘அரசே, தள்ளி நில்’ என்ற பதில் கையில் தயார். (எனக்கே கொஞ்சம் பொறாமைதான்.) கட்டுரையாளர் இதையும் எழுதியிருக்கலாம்.

– ஒரு வாசகர், திருச்சி