கண்ணு, லேப்டாப்ப மூடி வெச்சுட்டு ஒரு வாரம் இங்க வா

கண்ணு,

நீ செஞ்ச ஆப்போட டெமோ வீடியோவ அப்பாவும் நானும் பார்த்தோம். ரொம்ப நல்லா இருக்கு சாமி. மொத்த கம்பெனியும் ஒரே ஸ்கிரீன்ல தெரியறது, கலர் கலரா படம் ஓடறது எல்லாம் பார்த்துட்டு அப்பாவுக்கு இருப்பு கொள்ளல, கூலிக்கு தையல் எடுக்கற பக்கத்து பவர் டேபிள்காரர கூப்பிட்டு எம்பையன் பண்ணுனதுன்னு காமிச்சாரு. அவரு முழுசா பார்த்துட்டு நல்லா இருக்குதுங்க, இதுல என்ர டிசி, அதான் சரக்கு கூட போற டெலிவரி சலான், எங்க வரும்னு ஒரே ஒரு கேள்வி கேட்டாரு. எங்களுக்கு பதில் தெரியல. உன்கிட்ட கேக்கலாம்னு கூப்பிட்டா மீட்டிங்ல இருக்கேன் அப்பறம் கூப்பிடறேன்னு சொன்ன. வேலை இருக்கும், சரி.

ஆனா அந்த கேள்விதான் கண்ணு எல்லாமே. நீ இந்த வீட்ல பொறந்து வளர்ந்தவன், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, இருந்தாலும் சொல்றேன். நூல் வாங்கி நிட்டிங்குக்கு அனுப்பறோம், சாயம் ஏறாத கிரே துணி டையிங் போகுது, சுருக்கம் புடிக்க காம்பாக்டிங் போகுது, அப்பறம் கட்டிங், தையல், செக்கிங், அயர்ன். போற எடத்துக்கெல்லாம் ஒரு டிசி, போற எடத்துலயெல்லாம் எடை மாறும். என்ன கலருங்கறத பொறுத்து டையிங்ல குறையறது வேற வேற, துணி சரியா காயாம வந்தா ஈரத்துல எடை கூட காமிக்கும். கடைசில பீஸ் குறைஞ்சா ஆர்டர் குடுத்த பார்ட்டி டெபிட் நோட் போட்டு காச குறைச்சுட்டு போயிடறாங்க, கட்டிங்காரர் டையிங்க கைய காட்டறாரு, டையிங்காரர் நிட்டிங்க கைய காட்டறாரு, நடுவுல நிக்கறது நாம. நைட்டு நான் டிசி கட்ட பிரிச்சு வெச்சு தேடறத பார்த்துட்டே தானே நீ படிச்ச. ஜிஎஸ்டி வந்ததுக்கப்பறம் இன்னும் ஜாஸ்தி, ஜாப் ஒர்க்குக்கு போன சரக்கு ஒரு வருஷத்துக்குள்ள திரும்பி வரலைன்னா அனுப்புன அன்னிக்கே வித்ததா கணக்கு ஆயிடும், ஜாப் ஒர்க் சரக்கு கணக்கு காமிக்கற ஐடிசி-04 ஃபாரம் போடறப்ப ஆடிட்டர் கேக்கறதுக்கு நான் சொல்ற பதில் பாதி ஞாபகத்துலதான் சொல்றேன்.

இத பண்ணு கண்ணு. டிசிய போட்டோ புடிச்சு வாட்ஸ்அப்ல போட்டா போதும், எடைய அதுவே எழுதிக்கிட்டு இந்த லாட்டுல இத்தன கிலோ டையிங்லயே நிக்குதுன்னு சொல்லணும். உன் ஆப்ப தொறந்தா லாகின், இங்கிலீஷ். நம்ம சூப்பர்வைசர் ஒடிசா பையன், கண்ணாடி ஒடஞ்ச போன் வெச்சிருக்கான், ரெண்டு கையிலயும் வேலை. ஃபேக்டரில நெசமா ஃபோன தொடறவன் அவன்தான், முதலாளி இல்ல. நீ முதலாளிக்கு செஞ்சிருக்க. முதலாளிக்கு கூட இல்ல, பணம் போடறவங்க பார்க்கறதுக்கு செஞ்ச மாதிரி எனக்கு தோணுது. கோவிச்சுக்காத.

டேலி எப்படி வந்துச்சுன்னு ஆடிட்டர் ஆபிஸ்ல சொன்னாங்க. மில்லுங்களுக்கு சாமான் சப்ளை பண்ணிட்டிருந்த ஷியாம் சுந்தர் கோயங்கா, தன் கணக்க பார்க்க ஒழுங்கா ஒரு சாஃப்ட்வேர் கிடைக்கலைன்னு சொந்த பையன் பரத் கோயங்காவ எழுதச் சொல்லியிருக்காரு. 1986-ல, நீ இருக்கற அதே பெங்களூர்ல. அந்த பையனுக்கு 2020-ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. அதுலதான் நான் இன்னிக்கும் பில்லு போடறேன். ஃப்ரெஷ்டெஸ்க் சாஃப்ட்வேர் கதைய நீயேதான் சொல்லியிருக்க, ஒடஞ்சு வந்த டிவிக்கு நியாயம் கேட்டு அலைஞ்சதுல ஆரம்பிச்சதுன்னு. உனக்கு தெரியாததில்ல. தெரிஞ்சும் ஏன் நம்ம வாசலுக்கு வந்து கேக்கலைன்னுதான் எனக்கு வருத்தம்.

இன்னொன்னு, வர வேண்டிய காசு. எழுதி ஒப்பந்தம் இருந்தாலும் நம்மள மாதிரி சின்ன தொழில்காரங்களுக்கு 45 நாளுக்குள்ள குடுத்தாகணும்னு 2006 எம்எஸ்எம்இ சட்டத்துலயே இருக்கு. அப்படி குடுக்காம வருஷ கடைசிலயும் பாக்கி நின்னா அந்த வருஷ செலவுல காமிக்க முடியாதுன்னு இன்கம் டாக்ஸ்ல 43பி(ஹெச்) கொண்டு வந்தாங்கல்ல, 2024 மார்ச்ல சில பார்ட்டிங்க பழைய பாக்கிய கூட போட்டுட்டாங்க, ஒருத்தர் சின்ன தொழில்னு பதிஞ்சிருக்கற உத்யம் ரிஜிஸ்ட்ரேஷன கேன்சல் பண்ணிட்டு வாங்க அப்பறம் ஆர்டர் பேசலாம்னாரு. யாருக்கு எந்த பில்லு என்னிக்கு 45 நாள் ஆகுதுன்னு காலைல ஒரு மெசேஜ் வந்தா எவ்வளவு உதவியா இருக்கும். ஆனா பார்ட்டிக்கு நேரா நோட்டீஸ் மாதிரி எதையும் அனுப்பிடாத. அடுத்த ஆர்டர் போயிடும்னு பயந்துட்டுதான் எல்லாரும் கேக்காம இருக்கறோம்.

அப்பறம் ஓசில குடுக்காத. ஆரம்பத்துலயே மாசம் கொஞ்சமாவது வாங்கு. காசு குடுத்தவருதான் ஓடலைன்னா கூப்பிட்டு திட்டுவாரு, சும்மா வாங்குனவரு நல்லா இருக்குதுங்கன்னு சொல்லிட்டு தொறக்கவே மாட்டாரு.

மருமக எப்படி இருக்கா? அவளும் ஆபிஸ் போயிட்டு வந்து சமைக்கறாளா, இல்ல வெளிய வாங்கறீங்களா? நீ நேரத்துக்கு சாப்பிடு. உன் பேருக்கு பேங்குல இருந்து கவர் வருது கண்ணு, நம்ம வீட்டு அட்ரஸுக்கு. பழைய அட்ரஸ் மாத்தாம விட்டிருப்பன்னு முதல்ல நெனச்சேன். நான் பிரிக்கல. பீரோல வெச்சிருக்கேன், அப்பா பார்க்கல. இப்ப வர்றது ரிஜிஸ்டர் தபால், நான்தான் கையெழுத்து போட்டு வாங்கறேன்.

ஒண்ணும் இருக்காது, நீ பார்த்துக்குவ. நம்ம சொந்தத்துலயே வேலைய விட்டுட்டு தொழில் பண்ற தைரியம் உனக்கு மட்டும்தான் இருந்துச்சு, கல்யாண வீட்டுக்கு போனா நான் அத சொல்லாம வர்றதில்ல. ஆனா சம்பளம் எடுக்கறியான்னு மாமா கேட்டப்ப எனக்கு பதில் இல்ல. உன்கூட இருந்த அந்த ரெண்டு பசங்கள இந்த வீடியோவுல காணோம். லீவு போல. 2011-ல நம்ம திருப்பூர் டையிங் எல்லாத்தையும் மூடச் சொல்லி ஹைகோர்ட் ஆர்டர் வந்தப்ப நீ ப்ளஸ் ஒன், பொங்கலூர்ல நம்ம காடு, அந்த நெலம் என்ன ஆச்சுன்னு உனக்கு தெரியும், யாரு வீட்டு வாசல்ல போயி நின்னோம்னும் தெரியும். உன்ன சின்ன பையன்னு நெனைக்காம ஒவ்வொன்னும் உன்கிட்ட சொல்லித்தான் பண்ணுனோம். நீ எங்ககிட்ட நல்லா போகுதுன்னு மட்டும் சொல்ற.

ஒரு வாரம் வா. சனிக்கிழமை வேண்டாம், சம்பள நாளு, யாரும் நின்னு பேச மாட்டாங்க. ஷிப்மெண்ட் நெருக்கத்துலயும் வேண்டாம். செவ்வாய்க்கிழமை வா, டெம்போவுல ஏறி நிட்டிங்ல இருந்து டையிங் வரைக்கும் ஒரு லாட்டு கூடவே போயி பாரு, எடை போடறப்ப பக்கத்துல நில்லு. பக்கத்து டேபிள்காரரு மாசம் ஆயிரம்னாலும் தர்றேன்னு சொல்லியிருக்காரு, நான் கேட்டு வெச்சிருக்கேன். பத்து டேபிள் இருக்கற அந்த வீதியிலயே உனக்கு ஆள் கிடைக்கும்.

வர்றதுக்கு முன்னாடி அந்த கவர் எவ்வளவுக்குன்னு எனக்கு மட்டும் மெசேஜ் போடு. அப்பாகிட்ட நீ சொல்றியா நான் சொல்லட்டுமான்னும் சேர்த்து போடு. நீ சொல்லாம நான் பிரிக்க மாட்டேன், ஆனா இந்த மாச கடைசி வரைக்கும்தான் கண்ணு.

அம்மா