ஆண்டறிக்கை: நொண்டாத நாய்க்கு எதுக்குங்க எக்ஸ்ரே?

நம் நாய் வளர்ப்போர் சங்கத்தின் தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கிருஷ்ணகிரியில் ஜூன் மாதம் பொதுக்குழு கூட்டினால் நாற்காலிகள் மட்டும்தான் வரும் என்று போன வருடமே தெரிந்துகொண்டோம். அதனால் இந்த முறை மாங்காய் சீசன் முடிந்த பிறகு கூடியிருக்கிறோம். வெறிநாய்க்கடித் தடுப்பூசி முகாம் வழக்கம்போல நடந்தது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்களின் பெயரையும் அவரே வாசிப்பார், அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.

மற்றபடி இந்த ஆண்டு நாம் செய்த வேலை ஒன்றே ஒன்றுதான். இனப்பெருக்கத்துக்கு விடும் நாய்களுக்கு இடுப்பு மூட்டையும் முழங்கை மூட்டையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது. சென்ற பொதுக்குழுவில் இந்தத் தீர்மானம் வந்தபோது மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, “நொண்டாத நாய்க்கு எதுக்குங்க எக்ஸ்ரே?” என்று கேட்டார். பாதிப் பேர் கை தட்டினார்கள். மேடையில் இருந்ததால் நான் தட்டவில்லை, அவ்வளவுதான்.

இடுப்பு மூட்டு என்பது கிண்ணத்துக்குள் உட்கார்ந்த பந்து. கிண்ணம் ஆழமில்லாமல் இருந்தாலோ பந்து தளர்ந்து ஆடினாலோ மூட்டு வருடக்கணக்கில் தேயும். நாய் நொண்ட ஆரம்பிக்கும்போது அது மூன்று நான்கு ஈத்துக்குத் தகப்பனாகி முடிந்திருக்கும். முன்னங்கால் முழங்கையில் மூன்று எலும்புகள் சேருகின்றன. அவை ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்தி வளராவிட்டால் உள்ளே சிறு துண்டு பெயரும். உடம்பின் எடையில் சுமார் 60 சதவீதத்தை முன்னங்கால்கள்தான் தாங்குகின்றன என்பதால் இதையும் விட முடியாது. லேப் எனும் லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு, கோல்டன் ரிட்ரீவர் இனங்களில் இரண்டு கோளாறும் உண்டு. பல மரபணுக்கள் சேர்ந்து உண்டாக்குவதால் ஒரு சொட்டு ரத்தத்தில் கண்டுபிடிக்கிற சோதனை இல்லை. எக்ஸ்ரேதான் வழி.

முதல் முயற்சி வீணானது. பக்கத்திலேயே ஓரிடத்தில், பெயர் வேண்டாம், மயக்க ஊசி போடாமல் நான்கு பேர் அமுக்கிப் பிடித்துப் படம் எடுத்தார்கள். நாய் கத்தியதில் தெருவே கூடிவிட்டது. இடுப்பெலும்பில் இரண்டு ஓட்டைகள் தெரியும். நாய் நேராகப் படுத்திருந்தால் இரண்டும் ஒரே அளவில் இருக்கும். எங்கள் படத்தில் ஒன்று எலுமிச்சை, இன்னொன்று நெல்லிக்காய். இடுப்பு சாய்ந்திருந்தது என்று அர்த்தம். அப்படிச் சாய்ந்தால் ஒரு பக்க மூட்டு இருப்பதைவிட நல்லதாகவும் மறு பக்கம் மோசமாகவும் தெரியும். அந்தப் படத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பணம் போனது போனதுதான்.

அப்புறம்தான் வேன் பிடித்து பெங்களூரு போனோம். ஓசூர் நெரிசலுக்கு முன்பே தாண்டிவிட வேண்டும் என்று விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினோம். மயக்க ஊசி போடுவதால் முந்தின இரவிலிருந்தே தீனி நிறுத்தம். எல்லோருக்கும் இரண்டு முறை சொல்லியிருந்தேன். சூளகிரியில் டீக்கு நிறுத்தியபோது உறுப்பினர் ஒருவர், “பாவம், பசிக்குதுங்க பாருங்க” என்று தன் நாய்க்கு ஒரு பன் ஊட்டிவிட்டார். மருத்துவர் அதற்கு ஊசி போட மறுத்துவிட்டார். மயக்கத்தில் வாந்தி வந்து மூச்சுக்குழாயில் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. அந்த நாய் ஊர் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பியது.

அங்கே வேலை நடந்த விதமே வேறு. நாயை மல்லாத்தி, பின்னங்கால் இரண்டையும் நேராக நீட்டி, முழங்கால் சில்லு தொடையெலும்பின் நடுவில் வரும் வரை உள்பக்கமாகத் திருப்பி ஒரு படம். முன்னங்காலை நன்றாக மடக்கிப் பக்கவாட்டில் முழங்கைக்குத் தனிப் படம். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் மைக்ரோசிப் எண்ணைப் படித்துப் படத்திலேயே பதித்தார்கள். ஒரே ஈத்தில் பிறந்த இரண்டு மஞ்சள் லேப்களில் எது எது என்று உரிமையாளரே குழம்பி நின்றபோது அந்த 15 இலக்க எண்தான் காப்பாற்றியது.

படங்களை, நாய்களின் மூட்டுப் படம் பார்த்துத் தரம் சொல்லும் அமெரிக்காவின் ஓ.எஃப்.ஏ. அமைப்புக்கு அனுப்பினோம். 1966 முதல் இந்த வேலையைச் செய்கிறவர்கள். இடுப்புப் படத்தை மூன்று கதிரியக்க நிபுணர்கள் தனித்தனியாகப் பார்க்கிறார்கள். எக்ஸலன்ட், குட், ஃபேர் வந்தால் தேறியது. பார்டர்லைன் வந்தால் பிறகு மறுபடி எடுக்கச் சொல்வார்கள். மைல்ட், மாடரேட், சிவியர் மூன்றும் தோல்வி. முழங்கைக்கு நார்மல், இல்லாவிட்டால் ஒன்று முதல் மூன்று வரை கிரேடு. நாய்க்கு 24 மாதம் நிறைந்த பிறகே இறுதிச் சான்று. 18 மாதத்தில் பெட்டையை இணை சேர்க்கலாம் என்று மத்திய அரசின் 2017 நாய் இனப்பெருக்க விதிகள் அனுமதிக்கின்றன. இன்னும் ஆறு மாதம் பொறுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

யாருடைய நாய்க்கு என்ன வந்தது என்று நான் வாசிக்கப் போவதில்லை. என் நாயைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ராஜா, மூன்று வயது கறுப்பு லேப். நம் வட்டாரத்தில் மூன்று ஈத்துகளுக்குத் தகப்பன். கோட்டை மலையில் எனக்கு முன்னால் ஏறி நின்று திரும்பிப் பார்ப்பான். அவனுக்கு இடது இடுப்பு மைல்ட் என்று வந்தது. படத்தை மருத்துவர் விளக்கொளியில் காட்டினார். பந்தில் பாதியைக்கூடக் கிண்ணம் மூடவில்லை.

குட்டி வாங்கியவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்தேன். காவேரிப்பட்டணத்தில் ஒரு வீட்டுப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அண்ணா, எங்க குட்டி படி ஏறும்போது பின்னங்கால் ரெண்டையும் சேர்த்து வெச்சு முயல் மாதிரி தாவும். அழகா இருக்குன்னு வீடியோகூட எடுத்திருக்கோம்” என்றார். அந்த முயல் தாவல்தான் இடுப்புக் கோளாறின் முக்கிய அறிகுறிகளில் ஒன்று. எனக்குச் சட்டென்று பேச்சு வரவில்லை. குட்டிக்கு எக்ஸ்ரே எடுக்கும் செலவை நானே ஏற்றேன். ராஜாவை இணை சேர்ப்பது அன்றோடு நின்றது.

தாய் தகப்பன் இரண்டும் தேறினாலும் எல்லாக் குட்டியும் தேறும் என்று உத்தரவாதம் கிடையாது. வளர்ப்பிலும் விஷயம் இருக்கிறது. 48 லேப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஜோடியில் ஒன்றுக்கு 25 சதவீதம் குறைவாகத் தீனி போட்டு ஆயுள் முழுக்கக் கவனித்த ஓர் ஆய்வு உண்டு. குறைவாகத் தின்றவற்றுக்கு இடுப்புக் கோளாறு குறைவு, ஆயுளும் ஏறக்குறைய இரண்டு வருடம் கூடுதல். நாமோ குட்டி கொழுகொழுவென்று இருந்தால்தான் விலை போகும் என்கிறோம். ராகிக் களி, அதற்கு மேல் கால்சியம் டானிக் வேறு. பெரிய இனக் குட்டிகளுக்கு அளவு மீறிய கால்சியம் எலும்பைக் கெடுக்கும், தயவுசெய்து நிறுத்துங்கள். நார்வேயில் நடந்த ஆய்வில், பிறந்து மூன்று மாதத்துக்குள் தினமும் படிக்கட்டு ஏறி இறங்கிய குட்டிகளுக்குக் கோளாறு அதிகம் என்றும், அந்த வயதில் வெளியில் அவிழ்த்துவிட்டு ஓடவிட்டவற்றுக்குக் குறைவு என்றும் தெரிந்தது. நம் ஊரில் வீட்டுக்கு வீடு பாலிஷ் போட்ட கிரானைட். குட்டி நடக்கிற இடத்தில் ஒரு சாக்காவது விரியுங்கள்.

சிப்பிப்பாறை வளர்ப்பவர்கள், “இதில் எங்களை ஏன் இழுக்கிறீர்கள்?” என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதே உடல்வாகு கொண்ட கிரேஹவுண்டில் இடுப்புக் கோளாறு மிக அரிது. அவர்களைக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்று செயற்குழு முடிவு செய்தது. ராஜபாளையம் வைத்திருப்பவர்கள் செலவு செய்வதானால் முதலில் காதுக்குச் செய்யட்டும். அந்த வெள்ளை நிறத்தோடு பிறவிச் செவிடும் சேர்ந்து வருவது உங்களுக்கே தெரியும்.

இன்று ஒப்புதலுக்கு வைக்கும் தீர்மானம்: லேப், ஷெப்பர்டு, கோல்டன் மூன்றிலும் தாய் தகப்பன் இருவரின் முடிவும் பதிவேட்டில் ஏறாத ஈத்தைச் சங்கம் யாருக்கும் பரிந்துரைக்காது. தோல்வி என்று வந்த முடிவும் பதிவேட்டில் ஏற வேண்டும். பதிவேடு இந்த மேசையில் இருக்கிறது. முதல் வரி ராஜாவுடையது.

அடுத்த வேன் தீபாவளி முடிந்து கிளம்பும். பெயர் கொடுப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் கொடுங்கள். பெட்டை பருவத்தில் இருந்தாலோ குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாலோ மூட்டு தளர்ந்து தெரியலாம், அவர்கள் அதற்கடுத்த வேனுக்கு வரட்டும். முந்தின இரவு பத்து மணிக்கு மேல் நாய்க்கு ஒன்றும் கொடுக்கக் கூடாது. பன் உட்பட.

இப்படிக்கு,
செயலாளர்