எம்.ஐ.டி.யை ஜெயித்த பிறகு என்ன ஆனது?

ஆசிரியருக்கு வணக்கம்.

பள்ளி ரோபோ போட்டிகளைப் பற்றிய உங்கள் கட்டுரையில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள ஃபீனிக்ஸ் நகரத்து கார்ல் ஹேடன் உயர்நிலைப் பள்ளி அணியைச் சொன்னது சந்தோஷம். ஆனால் 2004-இல் அவர்கள் எம்.ஐ.டி. என்ற புகழ்பெற்ற அமெரிக்கத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் அணியை ஜெயித்ததோடு கதையை முடித்துவிட்டீர்கள். எல்லாரும் அங்கேதான் முடிக்கிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம்.

ஜெயித்த கதை அருமையானது, அதில் சந்தேகமே இல்லை. கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில் நடந்த நீருக்கடி ரோபோ போட்டி அது. மெக்சிகோவில் பிறந்து, அமெரிக்காவில் தங்குவதற்கான ஆவணம் எதுவும் கையில் இல்லாத நான்கு பையன்கள். பள்ளிகளுக்கான பிரிவில் தோற்பதைவிட கல்லூரிகளிடம் தோற்றால் தப்பில்லை என்று ஃப்ரெடி லஜ்வர்டி, ஆலன் கேமரன் என்ற இரண்டு ஆசிரியர்கள் அவர்களை மேல் பிரிவிலேயே இறக்கிவிட்டார்கள். ஏறக்குறைய 800 டாலர் செலவில் பிவிசி பைப்பை ஒட்டிச் செய்த ரோபோ, பசை நாற்றத்தாலேயே அதற்கு ‘ஸ்டிங்கி’ என்று பெயர் வந்தது. மின்சுற்று இருந்த பெட்டிக்குள் தண்ணீர் கசிந்தபோது, கடைக்கு ஓடிப்போய் பெண்கள் மாதவிடாய்க்குப் பயன்படுத்தும் டாம்பான் வாங்கி வந்து உள்ளே வைத்து ஈரத்தை உறிஞ்ச வைத்தார்கள். ஒட்டுமொத்தப் பரிசோடு, வடிவமைப்புக்கும் தொழில்நுட்ப அறிக்கைக்கும் தனித்தனிப் பரிசு. வீட்டில் ஸ்பானிஷ் பேசும் பிள்ளைகள் ஆங்கிலத்தில் எழுதிய அறிக்கைக்குக் கிடைத்த பரிசைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

சரி, அப்புறம்? இரண்டே வருடத்தில், 2006 நவம்பரில், ஆவணம் இல்லாத மாணவர்களுக்கு மாநிலத்தவருக்கான குறைந்த கல்லூரிக் கட்டணச் சலுகையும் கிடையாது, அரசு உதவியும் கிடையாது என்று பொதுவாக்கெடுப்புக்கு வந்த 300-ஆம் முன்மொழிவை அரிசோனா வாக்காளர்கள் நிறைவேற்றினார்கள், பத்துப் பேரில் ஏழு பேர் அதற்கு ஆதரவு. அந்த நால்வரில் ஒருவர் எகிறிய கட்டணத்தைக் கட்ட முடியாமல் பல்கலைக்கழகத்தை விட்டு நின்றார். இரண்டு பேர் சமையல் தொழிலுக்குப் போனார்கள். அது நல்ல தொழில், ஆனால் பொறியியல் படிக்க நினைத்திருந்தால் அவர்களுக்கு வழி எங்கே இருந்தது? நான்காமவரான ஆஸ்கர் வாஸ்கெஸ் மட்டும் 2009-இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் பட்டம் வாங்கினார். சட்டப்படி திரும்பி வர வேண்டும் என்று அவராகவே மெக்சிகோ போனார், ஆவணமில்லாமல் தங்கியிருந்ததற்காக, போனவருக்குத் திரும்பி வரப் பத்து வருடத் தடை. அமெரிக்க செனட்டர் டிக் டர்பின் தலையிட்ட பிறகு 2010-இல் விலக்கு கிடைத்துத் திரும்பினார், ராணுவத்தில் சேர்ந்து ஆப்கானிஸ்தான் வரை போய்வந்தார், குடியுரிமையும் பெற்றார். வெளியே போ என்று சொன்ன நாட்டுக்காகத் துப்பாக்கி எடுத்தவரைப் பற்றி ஒரு பத்தியாவது எழுதியிருக்க வேண்டாமா?

அணியும் 2004-ஓடு நின்றுவிடவில்லை. கண்டுபிடிப்பாளர் டீன் கேமன் பள்ளி மாணவர்களுக்காகத் தொடங்கிய ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ் போட்டியில் 842 என்ற அணி எண்ணோடு விளையாடிவந்த இவர்கள் 2008-இல் அட்லாண்டா இறுதிப் போட்டியில் சேர்மன்ஸ் விருது வாங்கினார்கள். களத்தில் வேகமாக ஓடும் ரோபோவுக்குத் தரும் கோப்பை இல்லை அது, தன் ஊர்ப் பிள்ளைகளிடம் அறிவியலைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் அணிக்குத் தருவது, அந்தப் போட்டியிலேயே உயர்ந்த கௌரவம். ஒரு நாள் அதிர்ஷ்டத்தில் இது வராது. முதலில் ஜெயித்த பையன்களின் படிப்பு சட்டத்தில் சிக்கிக் கிடந்த அதே காலத்தில், அந்த ஆசிரியர்கள் அடுத்தடுத்து வந்த பிள்ளைகளைத் தயார்செய்துகொண்டே இருந்திருக்கிறார்கள்.

அந்தக் கட்டணத் தடையை 2022-இல் அரிசோனா வாக்காளர்களே 308-ஆம் முன்மொழிவின் மூலம் நீக்கினார்கள், அதுவும் மிகக் குறைந்த வித்தியாசத்தில்தான். முதல் நால்வரும் அதற்குள் முப்பது வயதைத் தாண்டிவிட்டார்கள்.

இனி எந்த ஊர்ப் பள்ளியின் ரோபோ அணியைப் பற்றி எழுதினாலும், வாங்கிய கோப்பைகளின் பட்டியலோடு, பத்து வருடம் முன்பு அதில் இருந்தவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்றும் கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாசகர்