இரண்டாம் பருவ முடிவில் பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இந்த வாரத்தோடு இரண்டாம் பருவம் முடிகிறது. அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக நடந்தது. ஆறு, ஏழு, எட்டு என்று மூன்று வகுப்புகளிலும் பிள்ளைகள் ஒழுங்காக எழுதியிருக்கிறார்கள். கபடியில் நம் அணி நன்றாக ஆடியது. அறிவியல் கண்காட்சிக்கு வந்து பார்த்துப் பாராட்டிய எல்லோருக்கும் நன்றி. ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் வருகை பெரிதாகக் குறையவில்லை. பிசானப் பருவ நெல் நடவு நேரத்தில் வீட்டில் எத்தனை வேலை இருக்கும் என்று எனக்குத் தெரியும். அப்படியும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி வைத்தீர்கள்.

பள்ளிச் செய்திகள் இவ்வளவுதான். அடுத்து, எட்டாம் வகுப்பு ஆங்கிலக் கவிதை நோட்டு பற்றி உங்களிடம் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும்.

இந்தப் பருவத்தில் பிள்ளைகள் ஆங்கிலக் கவிதையைப் படித்ததோடு நிற்காமல், எழுதியும் பார்த்தார்கள். "பேசக் கற்றுக்கொடுத்தால் போதாதா டீச்சர், கவிதை எதுக்கு?" என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். ஆங்கிலத்தில் ஒரு பக்கம் கட்டுரை எழுது என்றால் பேனாவை மூடி வைத்துவிடும் பிள்ளை, ஆறு வரி எழுது என்றால் முயன்று பார்க்கிறது. ரைம், அதாவது ஒரே ஒலியில் முடியும் சொல், தேடும்போது உச்சரிப்பு தானாகத் திருந்துகிறது. காஃப், டஃப், தோ, த்ரூ என்று நான்கு சொற்கள் இருக்கின்றன. நான்கும் ஓ, யூ, ஜி, ஹெச் என்ற அதே நான்கு எழுத்தில் முடிந்தாலும், ஒவ்வொன்றும் வேறு ஒலி. கண்ணை நம்பாமல் காதால் கேட்டால்தான் எது எதோடு சேரும் என்று தெரியும். வருடக்கணக்காக நான் கரும்பலகையில் எழுதிப் போட்டும் மனதில் பதியாத இந்த விஷயம், கவிதை எழுதிய இரண்டே வாரத்தில் பதிந்துவிட்டது.

ஹைக்கூ என்னும் ஜப்பானியக் குறுங்கவிதை வகுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐந்து, ஏழு, ஐந்து என்று மூன்று வரியில் சிலபிள் (ஒலித்துண்டு) எண்ணி எழுதுவது. எண்ணிப் பழக எங்கள் ஆங்கில ஆசிரியை ஊர்ப் பெயர்களைச் சொல்லிக் கைதட்டச் சொன்னார். தி-ரு-நெல்-வே-லி, ஐந்து தட்டு. பா-ளை-யங்-கோட்-டை, அதுவும் ஐந்து. வீ-ர-வ-நல்-லூர், அதுவும் ஐந்துதான். "அப்போ நம்ம ஊர்ப் பேரே ஹைக்கூவோட முதல் வரி டீச்சர்!" என்று ஒரு பிள்ளை கத்தியது என் அறை வரை கேட்டது. சேரன்மகாதேவி ஆறு தட்டு வந்து கணக்கைக் கெடுத்ததில் அந்த ஊரிலிருந்து வரும் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் வருத்தம். அப்புறம் தமிழாசிரியர் வந்து, தமிழ் அசைக் கணக்கு வேறு, 'திரு' இரண்டு எழுத்தும் சேர்ந்து ஒரே அசையாகும் நிரையசை என்பதால் திருநெல்வேலிக்கு நான்கு அசைதான் என்று எழுதிக் காட்டினார். நம் பக்கத்து எட்டயபுரத்தில் 1882இல் பிறந்து, நெல்லை இந்துக் கல்லூரிப் பள்ளியில் படித்த பாரதியார், 1916இலேயே ஜப்பானியக் குறுங்கவிதை பற்றிச் சுதேசமித்திரனில் எழுதினார் என்ற செய்தியையும் அவர்தான் சொன்னார். ஆங்கிலக் கவி ஷெல்லியின் மேல் கொண்ட ஈடுபாட்டால் தன்னை 'ஷெல்லிதாசன்' என்றே அழைத்துக்கொண்டவர் பாரதி. ஆனால் அவர் கவிதையில் வந்து உட்கார்ந்தவை நம் ஊர்க் காக்கையும் குருவியும்தான்.

வகுப்பில் எல்லாம் நன்றாகத்தான் போனது. நோட்டு வீட்டுக்குப் போய்த் திரும்பியபோதுதான் மனசுக்குச் சங்கடமாகிவிட்டது.

நவம்பரில், நேச்சர் (இயற்கை) என்ற தலைப்பில் ஆறு வரி வீட்டில் எழுதி வரச் சொல்லியிருந்தோம். முப்பத்து நான்கு நோட்டுகள் வந்தன. பதினொன்றில் 'கோல்டன் ரேஸ்' (பொற்கதிர்கள்) இருந்தது. ஒன்பதில் 'விஸ்பரிங் ப்ரீஸ்' (கிசுகிசுக்கும் தென்றல்). இரண்டு நோட்டில் பனி பொழிந்தது. தாமிரபரணிக் கரையில் வளரும் பிள்ளை பனி பொழிவதை எங்கே பார்த்தது? ஒரு பையனை எழுந்து படிக்கச் சொன்னபோது, தன் நோட்டில் இருக்கும் 'ட்ராங்க்வில்' (அமைதியான) என்ற சொல்லில் நின்றுவிட்டான். அர்த்தம் கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டான். ஆசிரியை அவனைத் திட்டவில்லை. பிறகு நான் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டபோது, அக்காவின் செல்போனில் தலைப்பை டைப் செய்ததும் கவிதை வந்துவிட்டது என்று உள்ளதைச் சொன்னான். சிலருக்கு டியூஷனில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சில வீடுகளில் அப்பாவோ சித்தியோ இரவு உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள்.

"நீயே ஏன்ப்பா எழுதல?" என்று அந்தப் பையனைக் கேட்டேன். "எங்க வீட்ல எழுதுறதுக்கு ஒண்ணுமே இல்ல டீச்சர்" என்றான்.

இருபத்தாறு வருட வேலையில் எத்தனையோ பதில் கேட்டிருக்கிறேன். அன்று வீட்டுக்குப் போன பிறகும் இந்தப் பதில் என்னை விடவில்லை. காப்பி அடித்தது கூடப் பெரிதாகத் தெரியவில்லை. தன் வீட்டில் ஒன்றுமே இல்லை என்று ஒரு பதிமூன்று வயதுப் பிள்ளை நம்புகிறதே, அதுதான் வலித்தது.

மறுநாள் அவனை மறுபடி உட்கார வைத்துப் பேசினேன். தமிழில்தான் பேசினோம். 2023 டிசம்பரில் ஆற்றில் பெருவெள்ளம் வந்ததே, அப்போது அவன் ஆறாம் வகுப்பு. வீட்டுக்குள் தண்ணீர் ஏறியதும் குடும்பத்தோடு பக்கத்து வீட்டு மச்சுக்குப் போயிருக்கிறார்கள். அவர்கள் ஆட்டையும் தூக்கிக்கொண்டு போனார்களாம். இரவு முழுக்க ஆடு நடுங்கிக்கொண்டே இருந்ததாம், இவன் பக்கத்திலேயே படுத்துக்கொண்டானாம். "இதை எழுது" என்றேன். "இதெல்லாமா?" என்று கேட்டான். அன்று சாயங்காலம் நான்கு வரி கொண்டுவந்தான். அதில் ஒரு வரி: 'கோட் அண்ட் ஐ, ஒன் போர்வை' (ஆடும் நானும், ஒரே போர்வை). போர்வைக்கு ஆங்கிலச் சொல் அவனுக்குத் தெரியவில்லை. ப்ளாங்கெட் என்று ஆசிரியை சொல்லிக் கொடுத்தார். அவன் யோசித்துவிட்டு, போர்வையே இருக்கட்டும் என்றான். அது அவன் ஆச்சியின் போர்வையாம். நாங்களும் அப்படியே விட்டுவிட்டோம். பனியும் பொற்கதிரும் வந்த அத்தனை நோட்டிலும் இந்த ஒரு வரிக்கு ஈடாக எதுவும் இல்லை என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் அனுமதி கேட்டுத்தான் எழுதுகிறேன். வகுப்பில் வைத்தே ஒரு மாணவி, தன் அம்மா பீடி சுற்றுவதைப் பற்றி எழுதினாள். மடியில் தட்டு, நனைத்த இலை, கத்தரி, தூள், நூல் எல்லாம் அதில் இருந்தன. 'அம்மா கவுண்ட் ட்வென்ட்டி ஃபைவ், டை' என்று ஒரு வரி. அதே வரி மூன்று முறை வருகிறது. இருபத்தைந்து எண்ணிக் கட்டு, மறுபடி இருபத்தைந்து எண்ணிக் கட்டு. வாய்விட்டுப் படித்தால் அந்த அம்மாவின் கை ஓடுவது கேட்கும். ரிதம் என்று நாங்கள் பாடம் நடத்துவது இதைத்தான். யாரும் சொல்லித் தராமல் அவளுக்கு அது வந்திருந்தது.

நோட்டு வீட்டுக்குப் போய் மறுநாள் வந்தபோது அந்தப் பக்கம் முழுக்க அடிக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் வேறு கையெழுத்தில், அம்மா வானத்து நட்சத்திரம், வீட்டின் விளக்கு என்று பிழையில்லாத ஆங்கிலத்தில் எட்டு வரி. திருத்தியவர் அவள்மேல் அக்கறை உள்ளவர்தான். 'கவுண்ட்' என்ற சொல்லில் ஒரு 'எஸ்' விட்டுப்போனது அவர் கண்ணை உறுத்தியிருக்கலாம். பீடி என்ற சொல் ஆங்கில நோட்டில் வேண்டாம் என்றும் நினைத்திருக்கலாம். எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு எதுவும் எழுதவில்லை. விட்டுப்போன 'எஸ்'ஸை இலக்கண வகுப்பில் பத்து நிமிடத்தில் சரி செய்துவிடலாம். பேனாவை மறுபடி அவள் கையில் எடுக்க வைக்க எங்களுக்கு மூன்று வாரம் ஆனது.

இதில் எங்கள் தவறும் இருக்கிறது. நேச்சர் என்று அவ்வளவு பொதுவான தலைப்பைக் கொடுத்தால் பொதுவான வரிகள்தான் வரும். 'உங்கள் வீட்டு வாசலில் காலை ஆறு மணிக்கு என்ன சத்தம்?' என்று கேட்டிருக்க வேண்டும். பிள்ளைகள் என்ன எழுதப் போகிறார்கள், நாங்கள் எதை எதிர்பார்க்கிறோம் என்று உங்களுக்கு முன்பே சொல்லாததும் எங்கள் குறைதான். கவிதை, பருவத்தின் நடுவே மதிப்பெண் போடும் வளரறி மதிப்பீட்டுச் செயல்பாடுகளில் ஒன்று என்றதும், மதிப்பெண் போய்விடுமோ என்று நீங்கள் பயந்ததில் ஆச்சரியம் இல்லை.

ஆனாலும் ஒன்றைக் கண்டிப்பாகவே சொல்லிவிடுகிறேன். பிள்ளையின் கவிதையை வேறு யாரும் எழுதக்கூடாது. செல்போன் எழுதக்கூடாது, டியூஷன் ஆசிரியர் எழுதக்கூடாது, நீங்களும் எழுதக்கூடாது. ஜனவரி முதல் கவிதை நோட்டு பள்ளியிலேயே இருக்கும், எழுதுவது வகுப்பில் மட்டும்தான். வேறு யாராவது எழுதியது என்று தெரிந்தால் மதிப்பெண் போடாமல் திருப்பித் தருவோம். அது எங்கள் ஆசிரியர் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் இதே விதிதான். ஆண்டு விழாவுக்காக நாங்கள் கட்டப்போகும் கையெழுத்துத் தொகுப்பிலும் அது இடம்பெறாது. மதிப்பெண் குறைந்தது என்று கோபம் வந்தால் நேராக என்னிடம் வந்து சண்டை போடுங்கள். பிள்ளையிடம் போடாதீர்கள்.

சரி, வீட்டில் நீங்கள் எதுவுமே செய்யக்கூடாதா என்றால், நிறையச் செய்யலாம். அதற்கு ஆங்கிலம் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. "எனக்கு இங்கிலீஷ் தெரியாதே, நான் எப்படி டீச்சர் சொல்லித் தருவேன்?" என்று ஒரு அம்மா கண்கலங்கியதால்தான் இதை எழுதுகிறேன். வாழைத்தார் வெட்டுகிறவர், பத்தமடையில் பாய் முடைகிறவர், டவுனில் கடை வைத்திருக்கிறவர் என்று உங்கள் ஒவ்வொருவரிடமும் பிள்ளைக்குத் தெரியாத சொற்கள் நூறு இருக்கும். வேலை செய்யும்போது பக்கத்தில் உட்கார வைத்து அதைச் சொல்லுங்கள். வாழையில் எந்த இலையை விட்டு எந்த இலையை அறுப்பீர்கள், கோரையை ஏன் தண்ணீரில் ஊற வைக்கிறீர்கள் என்று பிள்ளை கேட்டால் தமிழிலேயே சொல்லுங்கள். ஆங்கிலச் சொல் தேடுவது எங்கள் வேலை.

எழுதியதை வகுப்பில் ஒரு தாளில் பிரதி எடுத்துப் பிள்ளை வீட்டுக்குக் கொண்டு வரும். அதைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். அர்த்தம் புரியாவிட்டாலும், எந்த வரி ஓடுகிறது, எந்த வரி தடுக்குகிறது என்று உங்கள் காதுக்குத் தெரியும். தாலாட்டும் கும்மியும் காவடிச் சிந்தும் கேட்டு வளர்ந்த காது அது. தடுக்கிய இடத்தை மட்டும் சொல்லுங்கள். பேனாவைத் தொடாதீர்கள்.

ரைம் கிடைக்கவில்லை என்று பிள்ளை அழுதால், ரைம் இல்லாமலே எழுதலாம் என்று சொல்லுங்கள். 'கேட்' (பூனை) என்று எழுதிவிட்டோமே என்பதற்காக வீட்டில் இல்லாத 'மேட்'டையும் (மிதியடி) 'ஹேட்'டையும் (தொப்பி) கொண்டுவந்து பூனையை உட்கார வைக்க வேண்டியதில்லை. ஒலிக்காகப் பொய் சொல்லாமல் இருப்பதே பிள்ளைகளுக்கு நாங்கள் கற்றுத் தரும் முதல் பாடம்.

இந்தப் பருவத்தில் உங்களில் பலர் எங்களுக்குச் செய்த உதவிகளை மறக்க முடியாது. அடிக்கப்பட்ட பக்கத்தைப் பார்த்துவிட்டு மறுநாளே பள்ளிக்கு வந்து, "நான் பீடி சுத்துறதை அவ எழுதினதுல எனக்கு ஒரு குறையும் இல்ல டீச்சர்" என்று சொன்ன அந்த அம்மாவுக்கு என் வணக்கம். செல்போன் விஷயம் தெரிந்ததும் தம்பியை அடிக்காமல் தானே வந்து பேசிய அக்காவுக்கும் நன்றி. வகுப்புக்கென்று ஆங்கிலம்–தமிழ் அகராதி இரண்டு வாங்கிக் கொடுத்த கடைக்கார அண்ணாச்சி தன் பெயரைச் சொல்ல வேண்டாம் என்றார், அதனால் சொல்லவில்லை. அகராதிகள் இரண்டும் இதற்குள் ஓரம் மடங்கிப் போகும் அளவுக்குப் புழங்கிவிட்டன.

விடுமுறைக்கு வீட்டுப்பாடம் எதுவும் இல்லை. ஒரே ஒரு வேலை மட்டும் கொடுத்திருக்கிறோம். தினமும் ஒரு பொருளைப் பார்த்து, அதைப் பற்றி ஒரு வரி. தமிழும் ஆங்கிலமும் கலந்து இருந்தாலும் சரி, பிழை இருந்தாலும் சரி. பள்ளி திறக்கும் அன்று அந்தத் தாளைப் பிள்ளை கையில் கொடுத்து அனுப்புங்கள். ஆடு வைத்திருக்கும் பையன் இப்போதே மூன்று வரி எழுதிவிட்டதாகச் சொன்னான். எனக்கு மட்டும் இன்னும் காட்டவில்லை.

அன்புடன்,
தலைமையாசிரியர்