காசுக்கு விற்கும் லிங்குகளும் எங்கள் திருகோணமலை விடுதிக்காரர்களும்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

உப்புவெளியிலும் நிலாவெளியிலும் சின்ன விடுதி, படகுச் சவாரி, சாப்பாட்டுக் கடை என்று நடத்துகிற எங்கள் ஆக்களின் வாட்ஸ்அப்புக்கு அடிக்கடி ஒரு செய்தி வருகிறது. உங்கள் இணையத்தளத்துக்கு ஆயிரம் பேக்லிங்க் போட்டுத் தருகிறோம், ஒரே மாதத்தில் கூகுளில் முதல் பக்கம், உத்தரவாதம் என்று. விலையும் பெரிதில்லை, ஒரு அறையை இரண்டு மூன்று இரவு வாடகைக்கு விட்டால் வருகிற காசு. சீசன் தொடங்க முதல் எல்லோருக்கும் ஒரு பதற்றம் இருக்கும்தானே, அந்த நேரம் பார்த்து வருகிற செய்தி என்பதால் பலர் வாங்கிவிடுகிறார்கள். இவர்களுக்கு இணையத்தளம் செய்து பராமரித்துக் கொடுப்பது என் தொழில், வாங்கிய பிறகு நடப்பதை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தயவுசெய்து அந்தப் பொதிகளை ஒருவரும் வாங்க வேண்டாம்.

பேக்லிங்க் என்பது வேறொரு இணையத்தளம் உங்கள் தளத்துக்குக் கொடுக்கிற இணைப்பு, அவ்வளவுதான். 1998இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் கூகுளைக் கட்டியதே இந்த எண்ணத்தின் மேல்தான்: ஒரு பக்கத்தை யார் யார் சுட்டுகிறார்கள், சுட்டுகிறவர்களுக்கு என்ன மதிப்பு இருக்கிறது என்று பார்த்து அந்தப் பக்கத்தின் மதிப்பைக் கணக்கிடுவது. புறாத்தீவுக்குப் போய் வந்த ஒருவர் தன் பயணத்தைப் பற்றி எழுதும்போது தங்கிய விடுதிக்கு ஒரு லிங்க் கொடுத்தால் அது உண்மையான சிபாரிசு, அதற்குப் பலன் இருந்தது, இன்றும் இருக்கிறது. அதைக் காசுக்குத் தயாரிக்கத் தொடங்கியபோதுதான் எல்லாம் கெட்டது. 2012 ஏப்ரலில் கூகுள் பெங்குயின் என்ற மாற்றத்தைக் கொண்டுவந்தபோது லிங்க் வாங்கி மேலே ஏறிய தளங்கள் அப்படியே கீழே விழுந்தன. 2016 செப்டெம்பரில் அது தேடலின் மூல அமைப்போடு சேர்க்கப்பட்டது, அதிலிருந்து கெட்ட லிங்குகளுக்காகத் தளத்தைத் தண்டிப்பதைவிட அந்த லிங்குகளைக் கணக்கில் எடுக்காமல் விடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. 2022 டிசெம்பரிலிருந்து கூகுளின் ஸ்பாம்பிரெய்ன் என்ற செயற்கை நுண்ணறிவு, லிங்க் வாங்கும் தளத்தையும் விற்கிற தளத்தையும் சேர்த்தே கண்டுபிடிக்கிறது.

அப்படியென்றால் காசு மட்டும்தானே போகும், வேறென்ன என்று ஒரு விடுதிக்காரர் கேட்டார். இல்லை. முன்பு வாங்கிய லிங்குகளால் கொஞ்சம் மேலே நின்ற தளம், அவை கணக்கிலிருந்து எடுபட்டதும் இறங்கும், அப்படிப் போன பலன் திரும்பக் கிடைக்காது என்று கூகுளே சொல்லியிருக்கிறது. அதைவிட மோசமானது, கூகுளில் வேலை செய்யும் ஒரு ஆள் நேரடியாகப் பார்த்து எடுக்கிற நடவடிக்கை. தளம் தேடலில் எப்படி நிற்கிறது என்று சொந்தக்காரர் பார்க்கக் கூகுள் வைத்திருக்கும் சேர்ச் கொன்சோல் என்ற கருவியில், ‘மேனுவல் அக்ஷன்’ என்ற பகுதியில், உங்கள் தளத்துக்கு இயற்கைக்கு மாறான லிங்குகள் வருகின்றன என்று அறிவித்தல் வந்து நிற்கும். அது வந்தால் தளத்தின் சில பக்கங்களோ முழுத் தளமுமோ தேடலில் கீழே போகும், சில வேளை காணாமலே போகும்.

உப்புவெளியில் ஒரு விடுதியின் சேர்ச் கொன்சோலைத் திறந்து லிங்க் பட்டியலைப் பார்த்தபோது எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. ரஷ்ய மொழியில் சூதாட்டத் தளங்கள், மாத்திரை விற்கிற பக்கங்கள், எங்கேயோ ஒரு கேக் செய்முறைக்குக் கீழே போட்ட கருத்து, எல்லாவற்றிலும் ‘சீப் பீச் ஹோட்டல் டிரின்கோமலி’ என்று அச்சடித்ததுபோல ஒரே சொற்கள். மாட்டிக்கொடுப்பதே அந்தச் சொற்கள்தான். உண்மையாக வந்து தங்கிய மனிதர் அப்படி எழுத மாட்டார், விடுதியின் பெயரை எழுதுவார், பெயரைப் பிழையாக எழுதுவார், அங்கே சாப்பிட்ட நண்டுக்கறியைப் பற்றி எழுதி அதில் லிங்க் வைப்பார். ஒரே வசனம் நூற்றுக்கணக்கான இடத்தில் வந்தால் அது காசு கொடுத்து வாங்கியது என்று இயந்திரத்துக்கு மட்டுமல்ல, சின்னப் பிள்ளைக்கும் விளங்கும்.

நடவடிக்கை வந்துவிட்டால் திருத்த வழி இருக்கிறது, ஆனால் மினக்கெட வேண்டும். லிங்க் இருக்கிற தளங்களுக்கு எழுதி எடுக்கச் சொல்ல வேண்டும், பெரும்பாலும் பதிலே வராது. எடுபடாதவற்றை ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் வரிக்கு ஒன்றாக எழுதி, 2012 ஒக்டோபரிலிருந்து கூகுள் வைத்திருக்கும் ‘டிஸவோவ்’ கருவி வழியாக, இவற்றை என் கணக்கில் சேர்க்காதே என்று கொடுக்க வேண்டும், அப்புறம் மறுபரிசீலனைக்கு விண்ணப்பம். பதில் வர நாட்களோ வாரங்களோ ஆகும். மே முதல் செப்டெம்பர் வரை மட்டும் உழைத்து வருடம் முழுக்கச் சாப்பிடுகிற குடும்பத்துக்கு அந்த வாரங்கள் எவ்வளவு பெரிய இழப்பு என்று யோசித்துப் பாருங்கள்.

இதில் இன்னொரு கூட்டமும் புகுந்திருக்கிறது. உங்கள் தளத்துக்கு விஷ லிங்குகள் வந்திருக்கின்றன, காசு தந்தால் சுத்தப்படுத்துகிறோம் என்று சிவப்பு நிறத்தில் ஒரு மதிப்பெண் போட்டு அனுப்புகிறார்கள். அந்த மதிப்பெண் ஏதோ ஒரு மென்பொருள் தானே போட்டுக்கொள்வது, கூகுள் அதைப் பார்ப்பதில்லை. இணையத்தில் இருக்கிற எந்தத் தளத்துக்கும் குப்பை லிங்க் தானாக வரும், அதற்குப் பயப்பட ஒன்றுமில்லை, பெரும்பாலான தளங்களுக்கு டிஸவோவ் தேவையே இல்லை என்பதுதான் கூகுளின் நிலைப்பாடு. பிங் தேடுதளம் தன்னிடமிருந்த அதே மாதிரிக் கருவியை 2023இல் எடுத்தே விட்டது. பயத்தில் எல்லாவற்றையும் அந்தக் கோப்பில் போட்டால் நல்ல லிங்குகளும் சேர்ந்து போய்விடும், அது நாமே செய்துகொள்ளும் கெடுதல்.

ஒக்டோபரில் வருகை குறைந்ததும் யாரோ எதிரி கெட்ட லிங்க் போட்டுவிட்டான் என்று என்னிடம் வருபவர்களும் உண்டு. வாடைக்காற்று தொடங்கினால் நிலாவெளிக் கடற்கரையைத் தேடுகிறவர்களே குறைவு. சேர்ச் கொன்சோல் 16 மாதத் தரவை வைத்திருக்கிறது, போன வருடம் இதே மாதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தேடுகிறவர் தொகை மட்டும் குறைந்து தளத்தின் இடம் அப்படியே நின்றால் லிங்கில் பிழையில்லை, மழைக்காலம்தான் காரணம்.

கோயில்கள், பழைய மாணவர் சங்கங்கள், சனசமூக நிலையங்கள் நடத்துகிற தளங்களையும் சொல்ல வேண்டும். டொமைனை, அதாவது தளத்தின் முகவரிப் பெயரை, புதுப்பிக்க மறந்தால் அந்தப் பழைய நல்ல பெயருக்காகவே யாரோ வாங்கி சூதாட்டப் பக்கம் ஆக்குகிறார்கள், இதைக் கூகுள் 2024 மார்ச்சில் தன் விதிகளில் பெயர் சொல்லியே தடைசெய்தது. பழைய மென்பொருளோடு விட்டிருக்கும் தளங்களுக்குள் புகுந்து, பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாமல் லிங்க் ஒளித்து வைப்பதும் நடக்கிறது. பொறுப்பாக இருப்பவர்கள் தயவுசெய்து தளத்தைப் புதுப்பித்து வையுங்கள், டொமைன் முடிகிற திகதியை எங்காவது எழுதி வையுங்கள்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் இரண்டு வேண்டுகோள். தமிழ்ப் பத்திரிகைகளின் இணையப் பதிப்புகளுக்கும், இந்தக் கட்டுரையைப் போடுங்கள், உள்ளே ஒரு லிங்க் இருக்கும், காசு தருகிறோம் என்று மின்னஞ்சல்கள் வரும் என்று எனக்குத் தெரியும். விளம்பரம் எடுப்பது தவறில்லை, ஆனால் அந்த லிங்கில் இது காசுக்குப் போட்டது என்று கூகுளுக்குச் சொல்லும், 2019இல் வந்த ‘ஸ்பொன்சர்ட்’ குறியையோ, இதைச் சிபாரிசாக எடுக்காதே என்று சொல்லும், 2005இலிருந்து இருக்கும் ‘நோஃபலோ’ குறியையோ போட்டுவிடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் உங்கள் தளமும் பாதிக்கப்படும். மற்றது, கன்னியா வெந்நீரூற்றைப் பற்றியோ கோணேசர் கோயில் திருவிழாவைப் பற்றியோ உங்கள் நிருபர்கள் எழுதும்போது, பேசிய உள்ளூர்க்காரருக்கு ஒரு இணையத்தளம் இருந்தால் அதற்கு ஒரு லிங்க் கொடுங்கள். அதற்கு ஒரு சதமும் செலவில்லை, எங்கள் ஆக்கள் காசு கொடுத்துத் தேடுவது அந்த ஒரு லிங்கைத்தான்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை