அக்காவுக்கு, குடியாத்தத்திலிருந்து

அக்கா,

நேற்று அம்மாவுக்கு ஏழாம் வருஷத் திதி. ஐயர் போன பிறகு காக்காவுக்குச் சோறு வைத்துவிட்டு வந்து, பாப்பாவின் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டேன். நர்ஸிங். மூன்று மாதமாக வேண்டாம் வேண்டாம் என்று பிடிவாதமாக நின்றவன் நான்தான். காரணம் என்னவென்று அவளுக்குச் சொல்லவில்லை. உனக்குச் சொல்லாமல் இருக்க முடியாது.

என் நம்பரை நீ பிளாக் செய்து வைத்திருக்கிறாய். ஆனால் இந்தப் பக்கத்தைப் படிக்கிறாய் என்று பெரியம்மா வீட்டில் சொன்னார்கள். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியை ஆரம்பித்த ஐடா ஸ்கடருக்கு, 'டாக்டர் ஐடா, இந்தியா' என்று மட்டும் எழுதிப் போட்ட கடிதம்கூட வேலூருக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று நீதான் எனக்குச் சொல்லியிருக்கிறாய். உன் அயர்லாந்து விலாசம் என்னிடம் இல்லை. இதுவும் எப்படியாவது வந்து சேரட்டும்.

நீ படிக்கிறாய் என்றால் மற்றவர்களும் படிக்கிறார்கள். நாளைக் காலை குடும்பக் குழுவில் சுற்றும். அதனால் சில இடங்களில் பெயர் வராது, தொகை வராது. உனக்குப் புரியும்.

ஐடாவின் அந்த மூன்று பேர் கதையை எனக்குச் சின்ன வயதில் நீ சொன்னாய். முதல் வருஷ நர்ஸிங் படித்துக்கொண்டிருந்தாய். லீவில் வந்து, கரண்ட் போன ராத்திரியில், திண்டிவனத்து பங்களாவில் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருக்கிறாள் என்று ஆரம்பித்தாய். ஒரு பிராமணர் வந்து கூப்பிடுகிறார், பிறகு ஒரு முஸ்லிம், பிறகு இன்னொருவர். மூன்று பேர் மனைவிக்கும் பிரசவம் சிக்கல். என் அப்பா டாக்டர், அவர் வருவார் என்கிறாள் ஐடா. ஆம்பளை வேண்டாம் என்று மூவரும் திரும்பிப் போகிறார்கள். விடியும்போது சாவு மேளம். மூன்று பெண்களும் இல்லை. அந்த ஒரு ராத்திரியில் மனசு மாறி, அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்து, 1900-இல் வேலூருக்கு வந்தாள் என்று முடிப்பாய். நூறு தடவை கேட்டிருப்பேன்.

நீ பேசாமல் போன பிறகு நானாக நிறையப் படித்தேன். உன்னோடு பேச முடியாததால் உன் ஆஸ்பத்திரியைப் பற்றிப் படித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். நீ சொல்லாமல் விட்டவை அதில் இருந்தன. ஸ்கடர் குடும்பத்தின் தாத்தா 1819-இல் முதலில் இலங்கைக்குத்தான் வந்தார். அமெரிக்காவிலிருந்து வந்த முதல் மருத்துவ மிஷனரி அவர். பேரப்பிள்ளைகள் ஒவ்வொருவராக மிஷனுக்கு வர, ஐடா மட்டும் எனக்கு இந்த வாழ்க்கை வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தவள். ராணிப்பேட்டையில் பிறந்து, பஞ்சத்தைக் கண்ணால் பார்த்து, அமெரிக்காவிலேயே இருந்துவிட நினைத்தவள்.

பிறகு ஏன் 1890-இல் திண்டிவனத்துக்கு வந்தாள்? அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. வீட்டிலிருந்து எழுதினார்கள், வந்தாள். அந்த ராத்திரி அவள் அங்கே இருந்ததற்கே அதுதான் காரணம்.

இந்த வரியைப் படித்த அன்று புத்தகத்தை மூடிவிட்டு வெளியே போய் நின்றேன். ஐடாவைக் கூப்பிட்டார்கள். உன்னை நாங்கள் கூப்பிடவில்லை.

நீ விமானம் ஏறியது தை மாதம். கட்டி அம்மாவின் கைக்குத் தட்டுப்பட்டது அதற்கு முந்தைய ஆடியில். எனக்குத் தெரிந்தது ஐப்பசியில். அம்மா குளித்துவிட்டு வந்து, என் பெண்டாட்டியிடம் சொல்லாமல், என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள். மகனிடம் சொல்ல அவளுக்கு எவ்வளவு கூச்சமாக இருந்திருக்கும் என்று இப்போது நினைத்தாலும் முகம் சுடுகிறது. "வலி ஒண்ணும் இல்லடா, பட்டாணி மாதிரி இருக்குது"ன்னு சொன்னாள். வலி இல்லாத கட்டிக்கும் பயப்பட வேண்டும் என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். அதனால்தான் உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றாள்.

எழவு வீட்டில் எல்லார் முன்னாலும் நீ என்னைக் கேட்டபோது நான் என்ன சொன்னேன்? "அம்மாவுக்கு ஆம்பள டாக்டர்கிட்ட காட்ட வெட்கம்." மாமாக்களும் தலையாட்டினார்கள். அந்தக் காலத்து மனுஷி, அப்படித்தான் இருப்பாள் என்றார்கள். பொய், அக்கா. அம்மாவை அந்த மூன்று வீடுகளில் ஒரு வீடாக ஆக்கிவிட்டேன். வேலூரில் பொம்பளை டாக்டருக்கா பஞ்சம்? அந்த ஆஸ்பத்திரி உண்டானதே அதற்காகத்தான். சொன்ன அந்த நிமிஷமே நீ அதைப் பொய் என்று கண்டுபிடித்திருப்பாய். ஆனால் உண்மை என்னவென்று இன்று வரை நீ கேட்கவில்லை. என்னைக் கொலைகாரன் என்று சொல்லிவிட்டு அடுத்த வாரமே விமானம் ஏறிவிட்டாய்.

நீ முதல் தடவை அயர்லாந்துக்குப் புறப்பட்ட ராத்திரியை உனக்கு ஞாபகப்படுத்துகிறேன். விடிகாலை மூன்றரைக்கு கார் வர வேண்டும், வரவில்லை. யாரும் தூங்கவில்லை. எதிர்வீட்டுப் பசங்கள் உன்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். அத்தை, கதை சொல்லு என்றார்கள். நீ அந்தக் கதையைத்தான் சொன்னாய். அம்மா சுவரோரம் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். வேலை ஒன்றும் அவசரமில்லை, கை சும்மா இருக்கக் கூடாது அவளுக்கு. எப்போதும் மடியில் முறம் இருக்கும். முறத்தில் வெட்டின இலை, ஒரு ஓரமாகத் தூள், நூல்கண்டு. இடது கையில் இலையைப் பிடித்து, தூளை வைத்து, இரண்டு கட்டைவிரலாலும் உருட்டி, முனையை மடித்து, நூலைச் சுற்றி இழுப்பாள். அந்தத் தாளம் உனக்குத் தெரியும், நாம் இரண்டு பேரும் அந்தச் சத்தத்தில்தான் தூங்கி வளர்ந்தோம். அன்றைக்கு அந்தத் தாளம் சரியாக இல்லை. இலையைப் பிடித்த கையை உடம்போடு ஒட்டியே வைத்திருந்தாள். முறத்தையும் மடியில் வைக்காமல் நெஞ்சுக்கு அணைத்து வைத்திருந்தாள்.

நீ கதையை முடித்தாய். அம்மா நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்: "அந்த மூணு வூட்லயும் உள்ள படுத்துங்கீதே, அந்தப் பொம்பளைங்கள யாராச்சும் கேட்டாங்களா? ஆம்பள டாக்டர் வந்தா பரவால்லியான்னு?"

நீ சிரித்தாய். "அந்தக் காலத்துல யாரும்மா பொம்பளைய கேப்பாங்க" என்றாய்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் கீழே பார்த்தேன். அந்த நிமிஷம் சொல்லியிருக்கலாம். கார் வரவில்லை, பாஸ்போர்ட் உன் கைப்பையில், எல்லாமே இன்னும் நிறுத்தக்கூடிய நிலையில்தான் இருந்தது.

பிறகு ஹாரன் சத்தம். நீ ஓடிப்போய் அம்மாவைக் கட்டிப்பிடித்தாய். அவள் முறத்தைக் கீழே வைக்கவில்லை. வலது தோளை மட்டும் உனக்குக் கொடுத்தாள். உன் புது சுடிதாரில் பீடித் தூள் ஒட்டிக்கொண்டது. நீ அதைத் தட்டிவிட்டுக்கொண்டே காரில் ஏறினாய்.

அம்மாவின் கேள்வியை நான் என் பக்கத்து நியாயமாகப் பல வருஷம் வைத்திருந்தேன். அந்தப் புருஷர்கள் கேட்கவில்லை, நான் கேட்டேன். போகலாமா என்று அம்மாவைக் கேட்டேன், வேண்டாம் என்றாள். அவள் உடம்பு, அவள் முடிவு. இதில் என் மேல் என்ன தப்பு? இப்படி வக்கீல் மாதிரி எனக்கு நானே பேசிக்கொண்டிருந்தேன்.

வேண்டாம் என்றதற்குக் காரணம் நீ. உன்னை அயர்லாந்துக்கு அனுப்ப ஏஜென்சிக்குக் கட்டிய பணம். வீட்டுப் பத்திரம் எங்கே இருந்தது என்று உனக்குத் தெரியும். தெரிய வேண்டியவர்களுக்கும் தெரியும், அதற்கு மேல் இங்கே வேண்டாம். "அவ கேட்டா போவமாட்டா. இருந்துடுவா. கடன் யாரு கட்டுறது? விமானம் ஏறட்டும்"னு அம்மா சொன்னாள். ஏறிய பிறகு, "முத ஆறு மாசம் ஆவட்டும்." நான் சரி என்றேன். அம்மா சொன்னதால் என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டேன். பத்திரம் என் பெயரில் இருந்தது, அக்கா. நீ அங்கே இருப்பது எனக்கும் தேவையாக இருந்தது. எழுதிவிட்டேன். யார் படித்தாலும் படிக்கட்டும்.

வேலூரில் அந்த லேடி டாக்டர் எத்தனை மாசமா இருக்கு என்று கேட்டபோது அம்மா ரெண்டு மாசம் என்றாள். நீ வந்து பக்கத்தில் நின்றிருந்தாய். நான் கதவோரம் நின்றேன். அங்கேயும் வாயைத் திறக்கவில்லை. மன்னித்துக்கொள் என்று எழுதுவதற்குக்கூட எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அதைத்தான் கேட்கிறேன்.

ஆனால் நீ? பதினைந்து வருஷம் நர்ஸ். அந்த ஆறு மாசமும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வீடியோவில் அம்மாவைப் பார்த்தாய். ஆயிரம் பீடி சுற்றியவள் அறுநூறுக்கு இறங்கினாள், பிறகு நானூறு. உன்னிடமே சொன்னாள், இப்பல்லாம் முடியலடி என்று. வயசாச்சு, விட்டுடும்மா, நான் பணம் அனுப்புறேன் என்றாய். ஒரே ஒரு தடவை, முறத்தைக் கீழ வையும்மா என்று சொல்லியிருந்தால் போதும். ஊரான் வீட்டுப் பொம்பளைக்கு ஆயிரம் தடவை சொல்லியிருப்பாயே. எழவு வீட்டில் என்னைக் கேட்ட கேள்வியில் பாதியாவது உன்னை நீ கேட்டாயா? நான் கெட்டவன் என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. நீ பார்க்காமல் விட்டது எனக்கு மட்டும்தான் தெரியும், இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லவில்லை. இன்றைக்குத்தான் சொல்கிறேன்.

இதை அழித்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.

பாப்பாவுக்கு உன் கதையை நான்தான் சொன்னேன். ஆனால் ராத்திரியோடு நிறுத்தவில்லை. ராத்திரி கதைக்கு நன்றாக இருக்கிறது, ஆஸ்பத்திரி உண்டானது அதற்குப் பிறகான பகல்களில். வேலூரில் ஐடாவிடம் முதலில் இருந்தது ஒரே ஒரு படுக்கை. வந்த சில மாதத்திலேயே அப்பா இறந்துவிட்டார், கற்றுக்கொடுக்க ஆள் இல்லை. கூட நின்றவள் சலோமி, அந்த வீட்டில் வேலை செய்தவரின் மனைவி. இரண்டே வருஷத்தில் 5,000 பேரைப் பார்த்தார்கள். நியூயார்க் பாங்க்காரர் ஒருவர் இறந்துபோன மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுக்க, 1902-இல் 40 படுக்கையோடு ஷெல் ஆஸ்பத்திரி வந்தது. ஆரணி ரோட்டில் இன்று கண் ஆஸ்பத்திரியாக இருக்கிறதே, அதுதான். பிறகு சாலையோர வைத்தியம். நம் குடியாத்தம் சாலையில் மரத்தடியில் நிறுத்தி மருந்து கொடுப்பார்கள். ஆயாவோட அம்மா அந்தக் காரைப் பார்த்துப் பயந்து கரும்புக் கொல்லைக்குள் ஓடியதை ஆயா சொல்லுவாளே, ஞாபகம் இருக்கிறதா?

ஒரு டாக்டரால் முடியாது, நம்ம ஊர்ப் பெண்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்று 1909-இல் டெலியா ஹௌட்டனோடு நர்ஸிங் பள்ளி. 1918-இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. மூன்று பேர் விண்ணப்பம் போட்டாலே அதிர்ஷ்டம் என்று பெரியவர்கள் சொன்னார்களாம், வந்தது 151. இதைச் சொன்னபோது பாப்பா முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, "அந்த 151 பேரோட அம்மாங்க எப்படிப்பா அனுப்புனாங்க?" என்று கேட்டாள். அம்மாவே வந்து கேட்ட மாதிரி இருந்தது எனக்கு.

1946-இல் நர்ஸிங் பட்டப்படிப்பு, 1961-இல் திறந்த இதய ஆபரேஷன், 1971-இல் சிறுநீரக மாற்று என்று இன்னும் நிறையச் சொன்னேன். அதெல்லாம் அவள் காதில் ஏறவில்லை. 151-லேயே நின்றுவிட்டாள்.

அவளை நான் தடுத்ததற்குக் காரணம் இதுதான். படித்து முடித்தால் அவளும் ஒருநாள் மூன்றரை மணிக்கு காரில் ஏறிப்போவாள். அப்போது வீட்டில் இருப்பவர்கள் அவளிடம் எதையாவது மறைப்பார்கள். மறைக்கப்போகிறவன் நான்தான். நேற்று கையெழுத்துப் போடும்போது அவளுக்கு ஒரே ஒரு வாக்குக் கொடுத்தேன்: எனக்கோ உன் அம்மாவுக்கோ என்ன வந்தாலும் அன்றைக்கே சொல்வேன், நீ வருவதும் வராததும் உன் இஷ்டம். உனக்கு அந்த இஷ்டத்தை நாங்கள் கொடுக்கவில்லை, அக்கா. அம்மாவை நான் கேட்டேன். உன்னை யாரும் கேட்கவில்லை.

பரணில் உன் பெட்டியைத் திறந்தோம். ஹாஸ்டலில் போட்ட வெள்ளை ஷூ இருந்தது, போட்டுப் பார்த்தாள், ஒரு சைஸ் சின்னது. உன் முதல் வருஷ நோட்டில் ஒரு பக்கத்தில் நீ ரத்த ஓட்டம் வரைந்திருக்கிறாய். ஓரத்தில் அம்மா கணக்கு எழுதியிருக்கிறாள், எத்தனை கட்டு, எவ்வளவு கூலி என்று. பாப்பா அந்த நோட்டைத் தனக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். அத்தையைக் கேட்டுக்கொள் என்றேன். அவள் நம்பரை நீ பிளாக் செய்திருக்க மாட்டாய். ஞாயிற்றுக்கிழமை உன் டூட்டி முடிகிற நேரம் பார்த்துக் கூப்பிடுவாள்.

தம்பி